தூரியின் படலையில் நின்றவள்

பேய், ஆவி, சாமி வந்து நின்றது என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஊரில் தண்ணீர் பம்ப் திருத்துகிற வேலை செய்தேன். தோட்டக் கிணற்றில் பம்ப் நின்றுவிட்டால் நேரம் காலம் பார்க்காமல் கூப்பிடுவார்கள், சுடலைக்குப் பக்கத்துத் தோட்டங்களில்கூடத் தனியாக இருந்து வேலை செய்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் என்னைத் தொடவில்லை. பம்ப் ஓடவில்லையென்றால் அதற்குள் ஒரு காரணம் இருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பினேன், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது எனக்கு நடந்தது. இத்தனை வருடமாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டேன், உள்ளே காரணம் ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் மனைவி யோகாவும் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்தில், வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். கீழே மீன்கடைகள், விடியற்காலையிலேயே கூவத் தொடங்கிவிடுவார்கள். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். யோகா லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு பணக்கார அம்மாவின், பெரிய வீட்டைத் துப்புரவாக்கினாள். எங்களுக்கு இரண்டு தடவை பிள்ளை தங்கி இரண்டு தடவையும் இல்லாமல் போயிருந்தது. மூன்றாவது தடவை தங்கியபோது டாக்டர், படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இந்த ஈர அறையில் இருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல டாக்டர்தான், ஆனால் வேறு எங்கே இருப்பது என்று அவர் சொல்லவில்லை.

வழி சொன்னது யோகாவின் சிஞ்ஞோராதான். அவருடைய அக்கா மதோனியே மலைப்பக்கம், காட்டை ஒட்டிய தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாராம். கண் தெரியாது. பலேர்மோவுக்கு வா என்றால் வரமாட்டாராம். துணைக்குப் போகிறவர்கள் குளிருக்கும் தனிமைக்கும் பயந்து ஒரு மாதத்தில் திரும்பிவிடுகிறார்களாம். நீங்கள் இருவரும் போங்கள், யோகா இருந்த இடத்தில் சமைத்துக் கொடுத்தால் காணும், விறகையும் தோட்டத்தையும் நீ பார்த்துக்கொள், பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் தங்குகிற அனுமதிக்கு, வேண்டிய வேலைக் கடிதத்தை நான் தருகிறேன் என்றார். காணும் என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம், நீங்கள் வேறு பக்கத்து ஆள் என்றால் குழம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குப் போக விருப்பமில்லை. "அவ்வளவு தூரம் போய் என்ன செய்யிறது? கதைக்க ஒரு தமிழ்ச்சனம் இல்லை" என்றேன்.

"இஞ்சை மட்டும் ஆரோடை கதைக்கிறன்? நீங்கள் வேலைக்குப் போனால் இந்தச் சுவரோடைதானே" என்றாள் யோகா. "போவம். பிள்ளை தங்கினால் காணும்."

அக்டோபர் தொடக்கத்தில் போனோம். கடற்கரையோரம் பஸ், பிறகு மலைக்கு இன்னொரு பஸ், அதற்குப் பிறகு பஸ்ஸும் இல்லை. கடைசித் தரிப்பில் தூரி என்கிற ஆட்டுக்காரர் தன் பழைய பிக்கப்போடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான ஆள், கதை மிகக் குறைவு, பேசினாலும் சிசிலியப் பேச்சு, எனக்குப் பாதிதான் விளங்கும். அவர்தான் எங்களுக்கு அயல். அயல் என்றால் காட்டுப் பாதையால் நான்கு கிலோமீட்டர் கீழே. இடையில் வேறு வீடு இல்லை.

பஸ்ஸால் இறங்கியபோது எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. யோகா அதைக் கையால் பிடிக்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நெடுநாள்.

வீடு கருங்கல்லால் கட்டியது, அடுப்பு மூட்டினால் எல்லா அறையும் சூடாகும். அக்கா சிஞ்ஞோராவின் பெயர் நீனா. எழுபதைத் தாண்டியவர், மெலிந்த நெட்டையான உடம்பு, செத்துப்போன கணவனின் கம்பளிக் கோட்டைத்தான் எப்போதும் போட்டிருப்பார். எங்களைக் கண்டதும், கண்டதும் என்று சொல்லக்கூடாது, யோகாவின் கையைப் பிடித்து, பிறகு வயிற்றைத் தடவி, "மூண்டு பேரா வந்திருக்கிறியள். நல்லது" என்றார். அவர் சொன்னது இத்தாலியனில், நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

அடுத்த நாள் விடியும்போது யோகா என் தோளைத் தட்டினாள். "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. சத்தம் போடாதையுங்கோ."

ஜன்னலால் பார்த்தேன். வீட்டைச் சுற்றிப் பெரிய பெரிய கஸ்தாஞ்ஞா மரங்கள். அந்தக் கொட்டையைச் சுட்டால் சுட்ட பலாக்கொட்டை மாதிரியே இருக்கும், கொஞ்சம் இனிப்புக் கூட. இலையெல்லாம் மஞ்சளாகி, வெயில் படாமலேயே முற்றம் வெளிச்சமாக இருந்தது. அந்த மஞ்சளுக்குள் மான்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோ. எங்கள் நாட்டுப் புள்ளிமானின் சொந்தக்காரர் மாதிரி, ஆனால் கொம்பு கையை விரித்ததுபோல் அகலம். ஒன்று தலையைத் தூக்கி நேரே எங்கள் ஜன்னலைப் பார்த்தது, பார்த்துவிட்டு, நீங்களா, சரி என்பதுபோல் திரும்பவும் கொட்டை பொறுக்கத் தொடங்கியது. நான் முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள். யுத்தத்தின் செல்லடிக்குள்ளிருந்து வந்தவனுக்கு, தன்னைக் கண்டு ஓடாத ஒரு உயிரைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

அந்த மாதம் முழுக்க இப்படித்தான். முதல் கிழமையில் ஒரு மாலை, நோயாளி முனகுவதுபோல் காட்டுக்குள் பெரிய சத்தம், சிஞ்ஞோராவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினோம். அவர் அடுப்பருகில் இருந்து சிரித்தார். "அது ஆண் மான். பொம்பிளை தேடுது. ரெண்டு கிழமைக்கு உந்தப் பாட்டுத்தான்." காட்டுப்பன்றி குட்டிகளோடு வரிசையாகப் போகும், பள்ளிக்கூடம் விட்டதுபோல. விறகுக்கட்டைகளுக்குப் பின்னால் முள்ளம்பன்றியின் முள் கிடக்கும், கறுப்பும் வெள்ளையுமாக, எழுதலாம்போல அழகு. பாறைக்கு மேலே கழுகு சிறகை அசைக்காமல் ஒரு மணித்தியாலம் நிற்கும். சிஞ்ஞோரா எல்லாவற்றையும் காதாலேயே கண்டுபிடிப்பார். இது நரி, இது மரநாய், இந்த மானுக்குப் பின்கால் நொண்டி என்பார், போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அதில் மாயமில்லை, பழக்கம். நான் பம்பின் சத்தத்தை வைத்தே வாஷர் போனதைச் சொல்வேன், அதுபோலத்தான்.

ஆனால் யோகாவுக்கும் மான்களுக்கும் நடந்தது பழக்கம் என்று சொல்ல முடியாது, ஒரு மாதத்தில் பழக்கம் வராது. வெயில் சாயும் நேரம் அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் இருந்து அவற்றோடு தமிழில் கதைப்பாள். பெரிய கதையொன்றுமில்லை. இன்றைக்குப் பருப்பும் முள்ளங்கியும் சமைத்தது, பிள்ளை உதைத்தது, குளிருக்குக் கால் விறைக்கிறது, இப்படி. அவை கிட்டக் கிட்ட வந்தன. நவம்பர் பிறந்தபோது அவள் மடியில் வைத்திருந்த கொட்டையை ஒரு பெண்மான் வந்து எடுத்துத் தின்றது. நான் வாசலுக்கு வந்தால் நாலு பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விடும்.

"உன்ர பெண்சாதியை உவை கணக்கெடுக்கிற மாதிரி என்னை ஒருநாளும் எடுக்கேல்லை. நாப்பது வருசம் இஞ்சை இருக்கிறன்" என்றார் சிஞ்ஞோரா. பொறாமையாகச் சொல்லவில்லை, மதிப்போடு சொன்னார்.

யோகாவுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் விடாத மழை, அதில் ரெலிபோன் செத்துவிட்டது. ஐந்தாம் நாள் மழை விட்டு மேகம் அப்படியே தரைக்கு இறங்கிவிட்டது. ஊரில் மார்கழிக் காலை கொஞ்சம் புகார், அதுதான் பனிமூட்டம், போடும், அதைப் புகார் என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. இது வெள்ளைச் சுவர். முற்றத்தில் நின்று கையை நீட்டினால் விரல் தெரியாது.

பின்னேரம் மூன்று மணியிருக்கும். நான் விறகு கொண்டுவந்தபோது யோகா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இரத்தம். அவள் அழவில்லை. "மற்ற ரெண்டு தரமும் மாதிரித்தான் தொடங்குது" என்றாள்.

அவளைக் கட்டிலில் கிடத்தி, கம்பளிச் சப்பாத்து, உள்ளே இரண்டு சோடி காலுறை எல்லாம் நானே என் கையால் போட்டுவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும். சிஞ்ஞோரா தடவித் தடவி வந்து கட்டிலில் இருந்து அவளுடைய வலக்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். "நீ தூரியிட்டைப் போ. நான் இந்தக் கையை விடமாட்டன்."

"நீர் பயப்பிடாதையும். போயிட்டு உடனை வாறன்" என்றேன் யோகாவிடம்.

"கெதியா வாங்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஓடினேன். அந்தப் பாதையில் நாற்பது தடவையாவது போயிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு போவதும் கண்ணைத் திறந்தும் ஒன்றும் தெரியாமல் போவதும் வேறு வேறு. விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தைத் தாண்டினேன். எவ்வளவோ நேரம் ஓடிய பிறகு திரும்பவும் ஒரு மரத்தைத் தாண்டினேன், கையால் தடவிப் பார்த்தால் அதே மரம். சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே நான் தரையில் குந்திவிட்டேன். நம்புங்கள், தெரிந்த கடவுளின் பெயர்கூட வாயில் வரவில்லை. யோகா, யோகா என்று கத்தினேன், என் குரல் ஒரு முழம்கூடப் போகவில்லை.

அப்போது பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஈர மயிரின் மணம். நனைந்த கம்பளிபோல, அதோடு கொஞ்சம் இனிப்பாக. கையை நீட்டினேன், சூடான ஒரு விலா. மான். நான் தும்மினாலே ஓடுகிற மான். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, முன்னால் காலடிச் சத்தங்கள், பின்னாலும். எத்தனை என்று தெரியாது. அவை நடக்கத் தொடங்கின, நானும் எழுந்து நடந்தேன். வேறு என்ன செய்ய? என் இடது கை ஒன்றின் முதுகிலேயே இருந்தது. அது திரும்பினால் திரும்பினேன், நின்றால் நின்றேன். ஒரு இடத்தில் எல்லாம் சேர்ந்து நின்றன, காலால் தடவிப் பார்த்தேன், மழைக்கு மண் சரிந்து முன்னால் பள்ளம். சுற்றிப் போனோம். பயமே இருக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கோயில் வீதியில் சனத்தோடு சனமாகப் போகும்போது யாரும் பயப்படுவார்களா? அதுபோல இருந்தது.

பிறகு கை வெறுமையாகிவிட்டது. முன்னால் மஞ்சளாக இரண்டு வெளிச்சம். தூரியின் பிக்கப். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

தூரி படலையடியில், வேலிக் கதவுக்குப் பக்கத்தில், விளக்கோடு நின்றார். வண்டியின் பின்பக்கம் மெத்தை போட்டு, கம்பளிகள் விரித்து, மழைத்துணியும் கட்டி எல்லாம் ஆயத்தம். நான் வாய் திறக்கமுதல் அவர் என்னை ஏசினார். "எங்கை போயிட்டாய்? உன்ர மனுசி வந்து சொல்லி அரை மணித்தியாலம். இந்தப் புகாருக்கை ஓராள் விளக்கோடை முன்னாலை நடக்காமல் எப்பிடி வண்டி ஓட்டுறது? அந்த வயித்தோடை அவளை ஏன் நடக்க விட்டனி?"

என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கும் என்றேனே, மற்றப் பாதியில் ஏதோ பிழை என்று எண்ணிக்கொண்டேன். விளக்கை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். ரோட்டு வழி சுற்று, ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வீட்டுக்குள் போனால் யோகா நான் கிடத்திய இடத்திலேயே கிடந்தாள், முகம் வெள்ளைக் கடதாசி. சிஞ்ஞோரா அவள் கையைப் பிடித்தபடி. மெத்தையோடு தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே கடற்கரை ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதி மலையில் புகார் விட்டது, அதற்குப் பிறகு தூரி ஓட்டிய ஓட்டம் சொல்லி முடியாது.

வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒரு தகரப் பேணிக்குள் வைக்கலாம்போலச் சின்னது, ஆனால் அழுதது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் பிந்தியிருந்தால் இருவரும் இல்லை, தாய்க்கு நாங்கள் நம்பிக்கை வைக்கவேயில்லை என்றார். யோகாவின் காலுறைகளை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார்கள். இரண்டு சோடியும் காய்ந்து சுத்தமாக இருந்தன. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை.

மூன்றாம் நாள் உடுப்பெடுக்க மேலே வந்தேன். சிஞ்ஞோராவுக்குப் பிள்ளையின் கதையெல்லாம் சொன்னேன், அவர் முகமெல்லாம் மலர்ந்து கேட்டார். பிறகு நான் கேட்டேன், நான் போன பிறகு யோகா எழும்பி எங்காவது போனாளா என்று.

"கையை விடமாட்டன் எண்டு சொன்னன், விடேல்லை" என்றார். "ஆனா ஒண்டு சொல்லவேணும். இடையிலை கொஞ்ச நேரம் அந்தக் கை கிணத்துக் கல்லு மாதிரிக் குளிர்ந்துபோச்சு. செத்திட்டாள் எண்டு நினைச்சன். கிட்டக் காதை வைச்சுக் கேட்டன். இந்த அறைக்குள்ளை என்ர மூச்சைத் தவிர வேறை மூச்சு இருக்கேல்லை. கை என்ர கைக்குள்ளை இருந்தது, ஆள் இருக்கேல்லை. பிறகு ஒரு பெருமூச்சோடை திரும்பி வந்தவள். வந்தோடனை அவளிலை மான் மணம்."

அவர் காதை நான் எவ்வளவு நம்பினேன் என்று முதலே சொல்லிவிட்டேன்.

நேரே தூரியிடம் இறங்கிப் போனேன். அவர் பால் கறந்துகொண்டிருந்தார், நாலு வெள்ளை நாய்களும் சுற்றிக் கிடந்தன. புதிய ஆளைக் கண்டால் தொண்டையைக் கடிக்கிற நாய்கள் அவை, எனக்கே ஒரு மாதம் உறுமின. யோகா வந்தபோது ஒன்றும் குரைக்கவில்லை என்றார் தூரி, வாலை மடித்துக்கொண்டு நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டனவாம். அதனால்தான் அவரே வெளியே வந்து பார்த்தாராம். படலைக்கு அந்தப் பக்கம் நின்றாளாம், வீட்டு உடுப்போடு, வெறுங்காலோடு. சுற்றிவர மான்கள். அவர் மெத்தை எடுக்க உள்ளே போய்த் திரும்பி வர, படலையில் ஆள் இல்லையாம்.

"வா" என்று கூட்டிக்கொண்டு போனார். படலையடியில் பாற்கட்டி செய்கிற தகர பேசின் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மழை வந்து அழித்துவிடும் என்று அவர் கவிழ்த்து வைத்தாராம். தூக்கினார். சேற்றில் ஒரு பெண்ணின் வெறும் பாதம், இடது பாதம், ஐந்து விரலும் தெளிவாக. இரண்டு பக்கமும் மானின் குளம்புகள். நான் பம்ப் திருத்துகிறவன், அளக்காமல் விடமாட்டேன். உடுப்புப் பையிலிருந்த யோகாவின் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே அளவு. அந்த அளவுக் கால் உலகத்தில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் நவம்பர் குளிரில், வேறு வீடே இல்லாத அந்த மலையில், வெறுங்காலோடு யார் வருவது? சுற்றிலும் பார்த்தால் வந்த அடி ஏழெட்டு இருந்தது. போன அடி ஒன்றுகூட இல்லை.

"அவளுக்கு இத்தாலியன் பத்துச் சொல்லுக்கு மேலை தெரியாதே. உங்களுக்கு எப்பிடி விளங்கினது?" என்று கேட்டேன்.

"உங்கடை பாஷையிலைதான் சொன்னவள்" என்றார் தூரி. "எனக்கு எப்பிடி விளங்கினது எண்டு தெரியாது, விளங்கினது. மறந்துபோகும் எண்டு பயந்து மூண்டு நாளா ஆட்டுக்குச் சொல்லிச் சொல்லி வைச்சிருக்கிறன்."

பிறகு அவர் சொன்னார். அந்தச் சிசிலிய ஆட்டுக்காரர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, நாக்கு எங்கெங்கோ சறுக்க, "அவர் வாறார், வானை எடுங்கோ" என்றார். வான் என்று யோகா சொல்வது அந்தப் பிக்கப்பைத்தான்.

நான் படலையைப் பிடித்துக்கொண்டேன். அவரோடு நான் ஒரு நாளும் தமிழில் கதைத்ததில்லை. யோகா அவரோடு கதைத்ததேயில்லை, அவர் வந்தால் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"இன்னுமொண்டு சொன்னவள்" என்றார். "அது எனக்கு விளங்கேல்லை. நீதான் சொல்லவேணும்." திரும்பவும் நேராக நின்று, "பிள்ளை மட்டும் காணும்" என்றார். "என்ன அர்த்தம்?"

பிள்ளை மட்டும் போதும், மற்றது எதுவும் வேண்டாம் என்கிற கதை அது, அவருக்கு நான் நன்றி என்று அர்த்தம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் குளிர்காலம் முழுக்க, அடுத்த இலையுதிர்காலம் வரைக்கும் அங்கேதான் இருந்தோம், பிள்ளை அந்த முற்றத்தில்தான் தவழ்ந்தாள். சிஞ்ஞோரா கண்மூடிய பிறகு பலேர்மோவுக்குத் திரும்பினோம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வருடம் இல்லை. அந்த மலையையும் அந்தப் பிராணிகளையும் அந்த இரண்டு மனிதர்களையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் ஒரு கும்பிடு எழும்பும். மகளுக்கு இப்போது யோகாவின் அன்றைய வயது. யோகாவுக்கு அந்தப் பின்னேரத்தில் எதுவும் நினைவில்லை, நித்திரையாகிப்போனேன், காலில் மட்டும் குளிர்ந்தது என்பாள். காலடியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தாள். அந்த இரண்டாவது வசனத்தை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம், தூரி அன்றைக்குப் படலையடியில் கடைசியாகச் சொன்னது. பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது நன்றியில்லை" என்றார். "முதல் சொன்னது எனக்கு, என்னைப் பார்த்துச் சொன்னவள். ரெண்டாவது எனக்கில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் திரும்பி நிண்டு சொன்னவள். சொல்லிப்போட்டு, ஆரோ மறுமொழி சொல்லுற மாதிரிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிண்டவள். பிறகு, ஓம் எண்டு தலையாட்டினவள்."